இரண்டு சமமா, மூன்று சமமா? பிஎச்பி கற்பவர் கையிலெடுக்க வேண்டிய செயற்குறிகள்

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் படிக்கிறாள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் அந்தப் பாடத்தில் இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான பிஎச்பி வருகிறது. செயற்குறிகள் அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்னிடம் வந்து கேட்டாள்: "மாமா, சமமா என்று பார்க்க == என்றும் இருக்கிறது, === என்றும் இருக்கிறது. இரண்டுக்கும் விளக்கம் எழுதத் தெரியும். நானாக ஒரு நிரல் எழுதும்போது எதைப் போடுவது?"

சரியான கேள்வி. கூட்டல், கழித்தல், பெருக்கலில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ஒரே வேலையைச் செய்வதுபோல் தோன்றும் இரண்டு குறிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதுதான் கை தயங்குகிறது. == அல்லது ===. ?: அல்லது ??. && அல்லது சொல்லாக எழுதும் 'ஆண்ட்'. பாடநூல் ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்கிறது. எதைப் பழக்கமாக்க வேண்டும் என்பதை எழுதுகிறவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாகப் பிஎச்பியில் எழுதியும் பிறர் எழுதியதைத் திருத்தியும் வருகிறேன். அந்த அனுபவத்தில் நான் எடுத்த முடிவுகளைக் காரணங்களோடு சொல்கிறேன்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஒப்பீட்டின் விடையை 'எக்கோ' கொண்டு அச்சிட்டுப் பார்க்காதீர்கள். எக்கோ 'மெய்' என்ற மதிப்பை 1 என்று அச்சிடும்; 'பொய்' என்பதற்கு ஒன்றுமே அச்சிடாது. திரை வெறுமையாக இருப்பதைப் பார்த்து நிரல் ஓடவில்லை என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். 'வார்-டம்ப்' என்ற செயற்கூறு மதிப்பையும் அதன் தரவினத்தையும் (எண்ணா, எழுத்துத் தொடரா என்ற வகையையும்) சேர்த்துக் காட்டும். கீழே வரும் எல்லாவற்றையும் அதைக் கொண்டே சோதித்துப் பாருங்கள். பிஎச்பியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் எடுத்துக்காட்டுகளையும் தமிழிலேயே தருகிறேன்.

முதலில் == பற்றி நியாயமாகப் பேசிவிட வேண்டும். அதைக் கெட்ட குறி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே காலை வாரும் என்பதும் தெரியும். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட, பின்னர் பிஎச்பி மொழியாக வளர்ந்த கருவித்தொகுப்பு, இணையப் பக்கங்களையும் படிவங்களையும் கையாளப் பிறந்தது. படிவத்தில் ஒருவர் 5 என்று தட்டினால், வழங்கிக்கு (சர்வருக்கு) வந்து சேர்வது எண் 5 அல்ல, "5" என்ற சரம், அதாவது எழுத்துத் தொடர். முகவரிப் பட்டையிலிருந்து வருவதும் அப்படியே. எல்லாமே சரமாக வந்து விழும் இடத்தில், "5" என்ற சரமும் 5 என்ற எண்ணும் சமம் என்று மொழியே பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டால் எழுதுகிறவருக்கு வேலை குறையும். == செய்வது அதைத்தான். இரண்டு பக்கமும் வெவ்வேறு தரவினமாக இருந்தால், ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்து பிறகு ஒப்பிடும். === அப்படி எதையும் மாற்றாது; தரவினம் வேறானால் அந்த இடத்திலேயே 'பொய்' என்று சொல்லிவிடும். இந்தக் குறி 2000இல் வந்த நான்காம் பதிப்பில்தான் மொழிக்குள் நுழைந்தது. அதற்கு முந்தைய பழக்கத்தில் எழுதப்பட்ட நிரல்களும் அவற்றைப் பார்த்து எழுதப்பட்டவையும் == நிறைந்து கிடப்பதில் வியப்பில்லை.

இந்தப் பெரிய மனது எங்கே இடறுகிறது என்று பார்ப்போம். இரண்டு பக்கமும் சரமாகவே இருந்தாலும், இரண்டும் எண்போலத் தோன்றினால் == அவற்றை எண்களாக்கித்தான் ஒப்பிடும். அதனால்

"007" == "7"

என்பது மெய். எண் என்று பார்த்தால் சரிதான். ஆனால் அவை இரண்டு மாணவர்களின் பதிவெண்களாகவோ இரண்டு சரக்குகளின் குறியீடுகளாகவோ இருந்தால்? இன்னொன்று கேளுங்கள். 1, அடுத்து ஆங்கில ஈ எழுத்து, அடுத்து 3 என்று எழுதினால், அறிவியல் குறிமுறையில் அதற்கு ஆயிரம் என்று பொருள். ஆகவே அந்த மூன்றெழுத்துச் சரக்குக் குறியீடும் "1000" என்ற குறியீடும் == கண்ணில் ஒன்றே. கடையில் இரண்டும் வெவ்வேறு அலமாரியில் இருக்கும்.

இதே பழக்கம் பாதுகாப்பிலும் ஓட்டை போட்டிருக்கிறது. 240610708 என்ற எண்ணுக்கு எம்டி5 சுருக்கம் (எந்தத் தரவையும் ஒரே நீளக் குறியீடாக்கும் முறை) கண்டால், வரும் 32 எழுத்துகளில் முதலில் பூஜ்யம், அடுத்து ஈ, மற்றவை எல்லாம் இலக்கங்கள். பூஜ்யத்தைப் பத்தின் எந்த அடுக்கால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். எனவே இந்த வடிவில் அமையும் எந்த இரண்டு சுருக்கங்களும் == கொண்டு ஒப்பிட்டால் சமமாகிவிடும். கடவுச்சொல்லின் சுருக்கத்தை இப்படி ஒப்பிட்ட தளங்களில் தவறான கடவுச்சொல்லோடு உள்ளே நுழைய வழி இருந்தது. எட்டாம் பதிப்பு வந்த பிறகும் இது மாறவில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் எண் வடிவச் சரங்கள். (கடவுச்சொல்லுக்கு === கூடப் போதாது; அதற்கென்றே மொழியில் இருக்கும் 'பாஸ்வேர்ட்-வெரிஃபை' செயற்கூற்றைத்தான் பயன்படுத்த வேண்டும்.)

எட்டாம் பதிப்பு வேறொன்றை மாற்றியது. 2020 நவம்பரில் அது வரும்வரை, 0 == "வாழை" என்பது மெய். சொல்லை எண்ணாக்கினால் பூஜ்யம், பூஜ்யமும் பூஜ்யமும் சமம் என்பது அதன் கணக்கு. இப்போது எண் வடிவில் இல்லாத சரத்தோடு எண்ணை ஒப்பிட்டால், எண்ணைச் சரமாக்கி ஒப்பிடுகிறது, விடை பொய். நல்ல திருத்தம். ஆனால் == எழுதிய ஒரே வரி பழைய வழங்கியில் ஒரு விடையும் புதிய வழங்கியில் இன்னொரு விடையும் தரும் என்பதை யோசித்துப் பாருங்கள். === எழுதியிருந்தால் இரண்டிலும் ஒரே விடை. என்னைப் பொறுத்தவரை === பக்கம் சாய இந்த ஒரு காரணமே போதும்.

கற்பவர்கள் அதிகம் விழும் குழி ஒன்று உண்டு. ஒரு சரத்துக்குள் இன்னொரு சரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடித் தரும் செயற்கூறு 'ஸ்டிர்பாஸ்'. இல்லையென்றால் 'பொய்' என்று தரும். தேடியது முதல் இடத்திலேயே இருந்தால் 0 என்று தரும். "தமிழ் மொழி" என்ற சரத்தில் "தமிழ்" இருக்கிறதா என்று கேட்டு, விடையை == கொண்டு 'பொய்' என்பதோடு ஒப்பிட்டால், கண் முன்னால் இருப்பதை இல்லை என்று சொல்லிவிடும். == கணக்கில் பூஜ்யமும் பொய்யும் ஒன்று. === போட்டால் சரியாகிவிடும். எட்டாம் பதிப்பில் மெய், பொய் மட்டுமே தரும் வேறு செயற்கூறு வந்துவிட்டது. ஆனாலும் பழைய நிரல்களைத் தொடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

=== கேட்கும் விலை என்ன? வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மதிப்பையும் நீங்களே உரிய தரவினத்துக்கு மாற்ற வேண்டும். 1 என்ற முழு எண்ணும் 1.0 என்ற பதின்ம எண்ணும்கூட அதற்குச் சமமல்ல. தொடக்கத்தில் இது எரிச்சல் தரும். கோப்பின் தலையில் 'ஸ்ட்ரிக்ட் டைப்ஸ்' என்று அறிவித்துவிட்டால் == கண்டிப்பாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த அறிவிப்பு செயற்கூறுகளுக்குக் கொடுக்கும் மதிப்புகளையும் அவை திருப்பித் தரும் மதிப்புகளையும்தான் கட்டுப்படுத்தும்; செயற்குறிகளை அது தொடாது. 'ஸ்விட்ச்' கட்டளை உள்ளுக்குள் == வழியில்தான் ஒப்பிடுகிறது, எட்டாம் பதிப்பில் வந்த 'மேட்ச்' === வழியில் ஒப்பிடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அணிக்குள் தேடும் 'இன்-அரே'யும் மூன்றாவது உள்ளீடாக 'மெய்' கொடுக்காவிட்டால் தளர்வாகத்தான் ஒப்பிடும்.

ஆகவே === பழக்கமாகட்டும். == எழுத வேண்டிய கட்டாயம் எனக்கு வருவதே இல்லை என்று சொல்லலாம்.

இரண்டாவது இணைக்கு வருகிறேன். இதில் முடிவு அத்தனை எளிதல்ல. எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரரின் பில் பக்கத்தில், தள்ளுபடி எதுவும் குறிப்பிடாத சரக்குக்குப் பத்து சதவீதம் என்று வைத்திருந்தார்கள். எண்ணெய்க்குத் தள்ளுபடி கிடையாது என்று கடைக்காரர் 0 என்று போட்டார். பில்லில் பத்து சதவீதம் கழிந்துகொண்டே இருந்தது. மாதக் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நிரலில் இருந்தது இந்த வரி:

$தள்ளுபடி = $உள்ளிட்டது ?: 10;

?: என்ற குறுக்கு வடிவம் 2009இல் 5.3ஆம் பதிப்பில் வந்தது. இடப்பக்கம் இருப்பது 'மெய்' எனக் கொள்ளத்தக்கதா என்று அது கேட்கும். பூஜ்யம், வெற்றுச் சரம், வெற்று அணி, "0" என்ற சரம் எல்லாமே பிஎச்பிக்குப் பொய் வரிசையைச் சேர்ந்தவை. ("0.0" என்ற சரம் மெய் வரிசை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் நிரல் எழுத முடியாது.) கடைக்காரர் கருத்தோடு போட்ட பூஜ்யத்தை அந்தக் குறி "ஒன்றும் இல்லை" என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

2015இல் ஏழாம் பதிப்போடு வந்த ?? வேறு கேள்வியைக் கேட்கிறது: இந்த மாறி இருக்கிறதா, இருந்தால் 'நல்' (மதிப்பே இல்லை என்ற நிலை) அல்லாத மதிப்பு உண்டா? பூஜ்யம் இருந்தால் பூஜ்யத்தையே தரும். தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் மதிப்புக்கு இதுதான் பொருத்தம். அங்கே "குறிப்பிடவில்லை" என்பதை 'நல்' என்றே வைத்திருப்போம். இல்லாத மாறியைத் தொட்டாலும் ?? எச்சரிக்கை எழுப்பாது, ?: எழுப்பும்.

அப்படியானால் எங்கும் ?? போட்டுவிடலாமா? படிவத்தில் போட முடியாது. ஒருவர் பெட்டியை நிரப்பாமல் அனுப்பினால் வழங்கிக்கு வருவது 'நல்' அல்ல, வெற்றுச் சரம். ?? அதை "இருக்கிறது" என்று ஏற்றுக்கொண்டு அப்படியே கடத்திவிடும். பத்து சதவீதம் வரவே வராது. ?: பூஜ்யத்தை விழுங்குகிறது, ?? வெறுமையை விழுங்க மறுக்கிறது. படிவத்துக்கு இரண்டுமே முழுப் பொருத்தம் இல்லை. நான் எழுதுவது இப்படி:

$உள்ளிட்டது = $படிவம்["தள்ளுபடி"] ?? "";
$தள்ளுபடி = ($உள்ளிட்டது === "") ? 10 : $உள்ளிட்டது;

இரண்டு வரி ஆகிறது, உண்மைதான். ஆனால் அனுப்பவே இல்லை, வெறுமையாக அனுப்பினார் என்ற இரண்டு நிலைகளுக்கும் பத்து சதவீதம் வருகிறது; போட்ட பூஜ்யம் பூஜ்யமாகவே பிரிந்து நிற்கிறது. அந்தக் கடைக்கு இதைத்தான் செய்து கொடுத்தோம்.

?? பற்றி இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. எச்சரிக்கை எழுப்பாத அதே குணம் எழுத்துப்பிழையையும் மூடி மறைக்கும். $தள்ளுபடி என்பதை ஓரிடத்தில் $தள்ளுப்படி என்று தட்டிவிட்டால், ?? அமைதியாக வலப்பக்க மதிப்பைத் தந்துவிட்டுப் போகும். உண்மையிலேயே இல்லாமல் போகக்கூடிய மதிப்புக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையை அடக்குவதற்காகத் தூவாதீர்கள்.

இனி முன்னுரிமை. பாடநூல்களில் எந்தக் குறி முதலில் இயங்கும் என்று ஒரு நீண்ட அட்டவணை இருக்கும். அதை மனப்பாடம் செய்வதா, எங்கும் அடைப்புக்குறி போட்டு எழுதுவதா? என் விடை அடைப்புக்குறி. மனப்பாடம் செய்தவர்களும் தவறும் ஓர் இடத்தைக் காட்டுகிறேன்:

$மொத்தம் = $விலை ?? 0 + $அனுப்பும்_செலவு;

விலை இல்லாவிட்டால் பூஜ்யம், அதோடு அனுப்பும் செலவு என்று படிக்கத் தோன்றும். ஆனால் + குறிக்கு முன்னுரிமை அதிகம். முதலில் 0 + $அனுப்பும்_செலவு சேர்ந்துகொள்ளும். விலை இருந்தால் விலை மட்டுமே மொத்தமாகும், அனுப்பும் செலவு காணாமல் போகும். பிழைச் செய்தியும் வராது. ($விலை ?? 0) என்று அடைத்துவிட்டால் தீர்ந்தது.

மொழியை உருவாக்குபவர்களே இந்த முன்னுரிமைகளை மாற்றியிருக்கிறார்கள். சரங்களை ஒட்டும் புள்ளியும் கூட்டல் குறியும் ஏழாம் பதிப்புவரை சம நிலையில் இருந்தன.

"மொத்தம்: " . 5 + 3

என்று எழுதினால், அப்போது இடமிருந்து வலமாகப் போய், ஒட்டிய சரத்தோடு 3ஐக் கூட்டி, கடைசியில் வெறும் 3 வரும். எட்டாம் பதிப்பிலிருந்து கூட்டல் முந்திக்கொள்கிறது. "மொத்தம்: 8" வருகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக எழுதும் ? : என்ற நிபந்தனைக் குறியையும் அடைப்பு இல்லாமல் எழுதக் கூடாது என்று 7.4இல் எச்சரித்து, எட்டில் பிழையாகவே ஆக்கிவிட்டார்கள். அட்டவணையை நம்பியவர்கள் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. அடைப்புக்குறி போட்டவர்கள் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

&& குறிக்கும் சொல்லாக எழுதும் 'ஆண்ட்'டுக்கும் உள்ள வேறுபாடும் முன்னுரிமைதான். மதிப்பளிக்கும் = குறியைவிடவும் 'ஆண்ட்', 'ஆர்' கீழே நிற்கின்றன. உள்நுழைந்தவரா, நிர்வாகியா என்ற இரண்டையும் 'ஆண்ட்' போட்டு இணைத்து $அனுமதி என்ற மாறியில் வைத்தால், முதல் பாதி மட்டுமே மாறிக்குள் போகும். நிர்வாகி அல்லாதவருக்கும் அனுமதி கிடைத்துவிடும். பழைய பாடங்களில் தரவுத்தளத் தொடர்பு கிடைக்காவிட்டால் நிரலை நிறுத்து என்பதற்கு 'ஆர்' சொல்லைப் பயன்படுத்தியிருப்பார்கள். அந்தப் பழைய மைஎஸ்க்யூஎல் செயற்கூறுகளே ஏழாம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டன. இந்த இணையில் தயக்கமே வேண்டாம்: &&, ||.

$எண்++ என்பதா ++$எண் என்பதா என்று தேர்வில் கேட்பார்கள். தனி வரியில் எழுதினால் இரண்டும் ஒன்றே. தனி வரியில் எழுதுங்கள்.

தமிழில் தளம் நடத்துகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எந்தப் பாடநூலும் இதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஏழாம் பதிப்பில் <=> என்ற குறி வந்தது; இடப்பக்கம் சிறிதானால் -1, சமமானால் 0, பெரிதானால் 1 தரும். பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்த மிகவும் வசதி. ஆனால் சரங்களை அது பைட் பைட்டாகத்தான் ஒப்பிடுகிறது. யூனிகோடில் புள்ளிக்குரிய எண், உயிர்மெய்க் குறிகளின் எண்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் நம் அகராதியில் அம்பிகாவுக்குப் பின்னால் வரும் அமுதா, இந்தக் குறியின் கணக்கில் முன்னால் வந்துவிடுகிறாள். ன, ற, ழ, ள ஆகியவையும் நம் நெடுங்கணக்கின் இடத்தில் இல்லை. ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ, அதன் பிறகே வ. வகுப்பு வருகைப் பட்டியலையோ வாக்காளர் பட்டியலையோ <=> கொண்டு அடுக்கினால் படிக்கிறவர் கண் உறுத்தும். மொழிக்குரிய வரிசை விதிகளோடு ஒப்பிடவென்றே பிஎச்பியின் பன்னாட்டு விரிவாக்கத்தில் 'கொலேட்டர்' இருக்கிறது. தமிழ்ப் பெயர்களுக்கு அந்த வழியில் போவதே முறை.

நான் இவ்வளவு நம்பிப் பேசிய ===க்கும் தமிழில் ஒரு சோதனை உண்டு. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியெண்களாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். "கொடி" என்று ஒருவர் ஒரு விசைப்பலகையில் தட்டியதும் இன்னொருவர் இன்னொன்றில் தட்டியதும் === கண்ணில் வேறாக இருக்கலாம். == போட்டாலும் இங்கே பயனில்லை. அதே விரிவாக்கத்தில் உள்ள 'நார்மலைசர்' கொண்டு இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட வேண்டும். தேடல் பெட்டி வைத்த தமிழ்த் தளம் எதற்கும் இது தேவைப்படும்.

ஜாவாஸ்கிரிப்ட்டும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு சொல். மேலே சொன்ன முடிவுகளில் ===, ??, அடைப்புக்குறி மூன்றும் அங்கும் செல்லும். ஆனால் அங்கே + குறியே ஒட்டவும் செய்யும், கூட்டவும் செய்யும்: "5" + 3 அங்கே "53", பிஎச்பியில் 8. "0" என்ற சரமும் வெற்று அணியும் அங்கே மெய் வரிசை, இங்கே பொய் வரிசை. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குவதைவிட, ஒன்றில் கை பழகிய பிறகு மற்றதற்குப் போவது நல்லது.

அக்கா மகள் இத்தனையும் கேட்டுவிட்டு, பள்ளிச் செயல்திட்டத்துக்காக எழுதியிருந்த நூலகப் பட்டியலில் எல்லா == குறிகளையும் === ஆக்கிவிட்டாள். அடுத்த ஞாயிறு முகம் வாடி வந்தாள். "மாமா, இப்போது எந்தப் புத்தகத்தைத் தேடினாலும் இல்லை என்கிறது." புத்தக எண் முகவரிப் பட்டையிலிருந்து "3" என்ற சரமாக வந்தது; அணியில் இருந்தது 3 என்ற எண். பழையபடி மாற்றிவிடவா என்று கேட்டாள். வேண்டாம், வாசலிலேயே எண்ணாக மாற்று, ஆனால் வெறுமனே முழு எண்ணாக்கினால் "வாழை" என்று தட்டியவருக்கும் 0 என்று வந்துவிடும். முழு எண்தானா என்று சரிபார்த்துத் தரும் வடிகட்டிச் செயற்கூறு இருக்கிறது, அது எண்ணாக இருந்தால் எண்ணையும் இல்லாவிட்டால் 'பொய்' என்பதையும் தரும் என்றேன்.

அவள் அதை எழுதினாள். விடை 'பொய்' என்றால் "தவறான எண்" என்று காட்ட ஒரு நிபந்தனை போட்டாள். அவள் பட்டியலில் புத்தக எண்கள் 0 என்பதிலிருந்து தொடங்குகின்றன. முதல் புத்தகத்தைத் தட்டிப் பார்த்தாள். "தவறான எண்" என்று வந்தது. நான் வாய் திறக்கவில்லை. சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த நிபந்தனைக்குப் போய் மூன்றாவது சமக்குறியைப் போட்டாள்.